பூட்டிய கோயிலில் அடித்த மணி

"வாசலில நிண்டு இல்லை. உள்ளுக்கு வந்தவர்," என்றார் என் கணவர்.

மெல்லத்தான் சொன்னார். எனக்குச் சொன்னதாகவும் தெரியவில்லை. கையில் இருந்த காகிதக் குவளைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நாங்கள் இருந்தது சுவிஸ் நாட்டின் பீல் நகரத்துக்கு மேலே, மலையில் உள்ள, பிரெஞ்சு பேசும் ஒரு கிராமத்தின் பள்ளிக்கூட முற்றத்தில். ஆடி மாதம். இரவுச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெளிச்சம் போகவில்லை. லிண்டன் மரம் பூத்திருந்தது. எங்கேயோ புல் வெட்டிக் காயப் போட்டிருந்தார்கள். அந்த வாசனை காற்றோடு வந்துவந்து போனது.

முன்னால் ஒரு பெண் நின்று பேசிக்கொண்டிருந்தார். அவர் தன் தகப்பனைப் பற்றி ஒரு வசனம் சொல்லி முடித்திருந்தார். அதற்குத்தான் என் கணவர் குவளைக்குள் மறுப்புச் சொன்னார்.

"என்ன சொன்னீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை. நீர் கேளும்," என்றார்.

போன வாரம் இந்தப் பத்தியில் மணிக்கூட்டுத் தொழிற்சாலையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு லாங்கன்தாலில் இருக்கும் ஒரு வாசகி தொலைபேசியில் கேட்டார்: "அக்கா, உங்கட கதையில அவர் ஒரு சொல்லும் கதைக்கிறாரில்லையே?" உண்மைதான். குகதாசன் என்ற என் கணவர் அதிகம் கதைக்கிறவர் அல்ல. இந்த வாரம் அவர் கதைக்கிறார். அதற்குக் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பிணம், விஷம், சாட்சி

அந்தக் கூட்டத்துக்கு நான் போன காரணத்தை முதலில் சொல்ல வேண்டும். எனக்குத் துப்பறியும் கதைப் பைத்தியம்.

ஊரில் இருந்தபோது இந்தியாவிலிருந்து வரும் சின்னச் சின்னத் துப்பறியும் நாவல்கள் கைமாறிக் கைமாறி எங்களிடம் வரும். வந்து சேரும்போது அட்டை இருக்காது. சில நேரம் கடைசிப் பக்கமும் இருக்காது. நானும் தங்கச்சியும் ஆளுக்கொரு கொலைகாரனைத் தீர்மானித்துக்கொண்டு நாட்கணக்காகச் சண்டை பிடிப்போம். அவளுக்கு எப்போதும் மைத்துனன் மேல்தான் சந்தேகம்.

கல்யாணம் கட்டி பீலுக்கு வந்தபோது எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, ஜெர்மனும் தெரியாது. இந்த நகரத்தில் இரண்டும் ஓடும். தொழிற்சாலையில் என் பக்கத்து மேசையில் இருந்த பெண் வீட்டைத் துப்புரவாக்கியபோது ஒரு பை நிறையப் பழைய துப்பறியும் நாவல்கள் தந்தாள். எல்லாம் பிரெஞ்சு. அப்படித்தான் நான் பிரெஞ்சு படித்தேன். யார் செய்தது என்று தெரியாமல் படுக்க முடியாது; தெரிய வேண்டுமென்றால் அகராதியைப் புரட்ட வேண்டும்.

சந்தையில் வாங்கும் பூக்கோவாவுக்குப் பிரெஞ்சில் என்ன சொல் என்று தெரிவதற்கு முன்பே பிணம், விஷம், சாட்சி, தடயம் எல்லாம் தெரிந்துவிட்டன. மகன் முதலாம் வகுப்பில் பனிக்கட்டி எறிந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டான் என்று ஆசிரியை கூப்பிட்டிருந்தார். நான் போய் இருந்து, "சம்பவம் நடந்த வேளையில் சந்தேக நபர் எங்கே நின்றார் என்பதற்குச் சாட்சி உண்டா?" என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு அதுதான். ஆசிரியை வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். திரும்பி வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. கண்ணாடியைப் பற்றிப் பிறகு ஒருவரும் பேசவில்லை.

வியாழக்கிழமைகள்

இரண்டு கோடைகளுக்கு முன்பு பீல் நூலகத்துச் சுவரில் ஒரு அறிவித்தல் பார்த்தேன். மலைக் கிராமத்து நூலகம் விடுமுறைக் காலத்தில் வியாழன் தோறும் மாலைக் கூட்டம் வைக்கிறது. முதல் பாதி துப்பறியும் கதைகளைப் பற்றிய பேச்சு. இரண்டாம் பாதி அந்தக் கிராமத்திலேயே நடந்த, இன்னும் விடை தெரியாத ஒரு விஷயம். வாசலில் எல்டர் என்ற வெள்ளைப் பூவில் செய்த சர்பத்து தருவார்கள்.

இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு நான் வீட்டில் இருப்பேனா? சிறிய ரயிலில் ஏறி, பிறகு மஞ்சள் பஸ்ஸில் வளைந்து வளைந்து மேலே போனேன்.

முதல் வாரம், வயல் எல்லைக் கல் ஒன்று தானாக நகர்ந்த கதை. அடுத்த வாரம், ஆளில்லாத வீட்டில் விளக்கு எரிந்த கதை. பெரிய கொலை, கொள்ளை எதுவும் இல்லை. ஆனால் கிராமத்துச் சனம் ஆளுக்கொரு முடிவு வைத்திருந்தது. ஒருவர் எழும்பிச் சொல்ல இன்னொருவர் மறுப்பார். எனக்குத் தங்கச்சியின் ஞாபகம் வந்தது.

எல்லாவற்றையும் நடத்தியவர் கொலெத். நூலகத்தைப் பார்த்துக்கொள்பவர், அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். என்னைவிடக் கொஞ்சம் வயது குறைவு. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். பேசும்போது கைகள் இரண்டையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொள்வார். நான் தமிழ்க்காரி, துப்பறியும் நாவலில் பிரெஞ்சு படித்தவள் என்று சொன்னதும் என்னை முன் வரிசையில் இருத்தினார்.

"இஞ்சருங்கோ, நீங்களும் ஒருக்கா வாங்கோவன்," என்று என் கணவரைக் கூப்பிட்டேன்.

"அந்த மலைக்கு நான் வரேல்லை," என்றார்.

இவர் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் கொஞ்சக் காலம் மலையில் ஏதோ ஒரு ஊர் அகதிக் காம்பில் வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். ஊர்ப் பெயர் கேட்டதில்லை. அகதியாக வந்த எல்லோருக்கும் அப்படி நாலைந்து காம்புக் கதை இருக்கும். குளிர், சாப்பாடு, கடிதத்துக்குக் காத்திருந்தது. நல்ல ஞாபகமாக இருக்காது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வியாழன் எனக்குக் கால் பிசகியிருந்தது. பஸ் ஏறி இறங்க முடியாது. கூட்டத்துக்குப் போகாமல் இருக்கவும் முடியாது. இவர் கொஞ்ச நேரம் என் காலைப் பார்த்தார், பிறகு கார்த் திறப்பை எடுத்தார். ஊருக்குள் வந்ததும் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். வெயிலுக்கு என்று நினைத்தேன்.

மணி

அன்று கொலெத் முதல் பாதியில் சொன்னது இது: துப்பறியும் கதையில் வாசகர் தவறவிடுவது ஒளிந்திருக்கும் ஆளை அல்ல; கண் முன்னால் நடமாடியும் ஆளாகக் கணக்கில் எடுக்காத ஒருவரை. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

பிறகு, "இன்றைக்கு என் சொந்தக் கதை," என்றார்.

கொலெத்தின் தகப்பன் அந்த ஊர்த் தேவாலயத்தைப் பார்த்துக்கொண்டவர். கூட்டித் துடைப்பது, திறப்பது, பூட்டுவது, மணி அடிப்பது எல்லாம் அவர் வேலை. பூட்டுக்குத் திறப்பு ஒன்றுதான் இருந்தது, அது அவருடைய சட்டைப் பையில் இருக்கும்.

கொலெத் சிறுமியாக இருந்தபோது, ஒரு மாரிகாலப் பின்னேரம், மேட்டில் இருந்த மாமி வீட்டுக்குத் தனியாகப் போயிருக்கிறார். பாதி வழியில் பனிமூட்டம் இறங்கிவிட்டது. தன் கையே தெரியாத அளவு மூட்டம். காலடியில் பனி. எது மேடு, எது பள்ளம், எது பாதை என்று தெரியவில்லை. அந்த மலையின் ஒரு பக்கம் செங்குத்தான பாறை.

கிராமத்தில் விஷயம் தெரிந்ததும் ஆண்கள் எல்லோரும் விளக்குகளோடு மலைக்குப் போனார்கள். பெண்கள் மாமி வீட்டு வழியில் போனார்கள்.

"போகும் முன் அப்பா தேவாலயத்தைப் பார்த்திருக்கிறார்," என்றார் கொலெத். "நான் அங்கே விளையாடப் போவது வழக்கம். வாசலில் நின்று தலையை நீட்டி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாராம். பதில் இல்லை. அப்படியே மலைக்குப் போய்விட்டார். ஊரில் எல்லோரும் சொல்வது இதுதான்."

அப்போதுதான் என் கணவர் அந்த முதல் வசனத்தைச் சொன்னார். நான் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றவர், சற்றுப் பொறுத்து மறுபடியும் குவளைக்குள் சொன்னார்: "வாங்குக்குக் கீழயெல்லாம் குனிஞ்சு குனிஞ்சு பார்த்தவர்."

கொலெத் சட்டைப் பையிலிருந்து ஒரு கையை எடுத்தார். "ஆனால் அப்பா சொல்வது வேறு," என்றார். "உள்ளே வந்ததாகவும், வாங்கு இருக்கைகள் ஒவ்வொன்றுக்கும் கீழே குனிந்து பார்த்ததாகவும், பிறகு கதவைப் பூட்டியதாகவும்தான் அவர் எப்போதும் சொல்வார்."

நான் இவர் பக்கம் திரும்பினேன். கொலெத் சொல்வதற்கு முன்னே இவர் அதைச் சொல்லிவிட்டார்.

கதையின் மிச்சம் இப்படி. மூட்டத்துக்குள் சிறுமி கொலெத் அழுதுகொண்டு நின்றபோது கிராமத்து மணி அடிக்கத் தொடங்கியது. ஒழுங்கில்லாத அடி. நிற்கும், மறுபடி தொடங்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு அவர் இறங்கினார். சத்தம் நின்றால் அவரும் நிற்பார். அப்படியே வந்து முதல் வீட்டுச் சுவரில் முட்டினார். தகப்பன் ஓடி வந்து அவரைத் தூக்கினார். பிறகுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மணி அடித்தது யார்? தேவாலயம் பூட்டியிருக்கிறது. திறப்பு மலையில் இருந்து வந்த மனிதரின் பையில் இருக்கிறது.

தகப்பன் முன்னால் ஓடித் திறப்பைப் போட்டார்; பின்னால் வந்த எல்லோரும் உள்ளே ஓடினார்கள், கதவு பூட்டியிருந்ததா என்று அவரைத் தவிர ஒருவரும் பார்க்கவில்லை. ஒருவரும் இல்லை. கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"ஊரில் எல்லோரையும் கணக்குப் பார்த்தார்கள்," என்றார் கொலெத். "எல்லோரும் மலையில், அல்லது வீட்டில். ஆகவே ஊர் ஒரு முடிவுக்கு வந்தது. அப்பா பதற்றத்தில் கதவைப் பூட்ட மறந்துவிட்டார். யாரோ வழிப்போக்கன் உள்ளே போய் அடித்திருக்கிறான். பகிடியாகத்தான் சொன்னார்கள். ஆனால் பூட்டுவதுதான் அப்பாவின் வேலை. அடுத்த வருடம் அந்த வேலையை விட்டுவிட்டார். இப்போதும் கேட்டால், நான் பூட்டினேன் என்பார்."

சனம் ஆளுக்கொன்று சொன்னது. காற்று என்றார் ஒருவர். இன்னொரு திறப்பு இருந்திருக்க வேண்டும் என்றார் இன்னொருவர். நான் எதையும் கேட்கவில்லை. இவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் முகம் ஒருநாளும் இல்லாத மாதிரி இருந்தது. பயந்த முகம் அல்ல. கணக்கு ஒன்று திடீரென்று வேறு விடை காட்டியது போல.

கதிரை அடுக்கும் நேரம்

எல்லோரும் போகத் தொடங்கினார்கள். "வாரும், போவம்," என்று எழும்பினார். என்னைத் தாங்கிக்கொண்டு முற்றத்துக் கேற் வரை வந்தவர் நின்றுவிட்டார்.

"அந்த மனிசன் பொய் சொல்லேல்லை," என்றார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான் மேல இருந்தனான்."

திரும்பி நடந்து கொலெத்திடம் போனார். கொலெத் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். இவர் தொப்பியைக் கழற்றினார். தொழிற்சாலைப் பிரெஞ்சில் இவர் சொன்னதை நான் தமிழில் தருகிறேன்.

அந்த மாரியில் இவரும் இன்னும் சில தமிழ்ப் பெடியளும் ஊரின் ஓரத்தில், பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து தங்கும் பழைய விடுதியில் இருந்தார்கள். ஒரு அறைக்குள் எட்டுப் பேர். நித்திரை கிடையாது. ஒரு நாள் நடந்து போனபோது ஒரு கட்டடத்தில் எழுதியிருந்ததை வாசித்தார். இந்தப் பக்கத்தில் பிரெஞ்சு பேசுபவர்கள் புரட்டஸ்தாந்துத் தேவாலயத்தைத் 'தம்ப்ல்' என்பார்கள். எழுத்தைப் பார்த்தால் ஆங்கிலத்து 'டெம்பிள்' தான். இவர் அதைக் கோயில் என்று வாசித்து, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று யோசித்து, உள்ளே போனார். சாமியும் இல்லை, படமும் இல்லை. வெள்ளைச் சுவர். ஆனால் அமைதி. மேல்மாடத்தில் சூட்டுக் குழாய்க்குப் பக்கத்தில் ஒரு நீள வாங்கு. அன்றிலிருந்து பின்னேரங்களில் அங்கே போய்ப் படுத்துவிடுவார்.

"அந்த நாள் யாரோ கத்தியதில் விழித்தேன். கீழே பார்த்தேன். ஒரு மனிதர் ஒவ்வொரு வாங்காகக் குனிந்து பார்க்கிறார். கொலெத், கொலெத் என்று கத்துகிறார். எனக்கு அது பெயர் என்று தெரியாது. வெளியே போ என்று ஏசுகிறார் என்று நினைத்தேன். அசையாமல் படுத்துவிட்டேன். அவர் போய்க் கதவைப் பூட்டினார்."

கொலெத் கையில் இருந்த கதிரையைக் கீழே வைத்து அதிலேயே இருந்துவிட்டார்.

"பூட்டினார்?"

"பூட்டினார். நான் போய் இழுத்துப் பார்த்தேன். தள்ளிப் பார்த்தேன். இருட்டிவிட்டது. தட்டினேன், ஒருவரும் வரவில்லை. அப்போதுதான் கயிற்றைப் பிடித்தேன். மடாம், நான் உங்களுக்காக அடிக்கவில்லை. என்னைத் திறந்துவிட யாராவது வரட்டும் என்று அடித்தேன். கை நோகும்போது நிறுத்தினேன்."

கொலெத் கண்ணை இவர் முகத்திலிருந்து எடுக்கவில்லை. பிறகு, "எப்படி வெளியே வந்தீர்கள்?" என்றார். அதைக் கேட்டபோது அவர் குரலில் ஒரு துப்பறியும் கதை வாசகி இருந்தாள்.

"திறப்புச் சத்தம் கேட்டதும் கதவுக்குப் பின்னால் நின்றேன். எல்லோரும் உள்ளே ஓடினார்கள். நான் வெளியே நடந்தேன். மூட்டம். ஒருவர் என் தோளில் தட்டிச் சிரித்துவிட்டுப் போனார். விளக்குகள் எல்லாம் என்னைப் பிடிக்கத்தான் வருகின்றன என்று நினைத்திருந்தேன். பிறகு எங்களை வேறு ஊருக்கு மாற்றினார்கள். ஒரு பிள்ளை காணாமல் போனதும், மணியைக் கேட்டு வந்ததும் எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்."

"அப்பா மேலே ஏறிப் பார்க்கவில்லை," என்றார் கொலெத் மெதுவாக. "எனக்கு அந்த மாடிப்படி பயம். நான் ஏறமாட்டேன் என்று அவருக்குத் தெரியும்."

எழுந்து இவருடைய இரண்டு கையையும் பிடித்தார். இவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. என் பிசகிய காலைப் பார்த்தார்.

காரில்

இறங்கும் வழியில் வளைவுகள் முடிந்து, கீழே ஏரி தெரிந்த பிறகு கேட்டேன்.

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"சொல்ல என்ன கிடக்கு? கோயிலுக்குள்ள களவாப் போய்ப் படுத்தனான், பூட்டுப்பட்டனான், ஓடி வந்தனான். அகதி வழக்கு முடியாத நேரம். உள்ளுக்குக் களவெடுக்கப் போனவன் எண்டு எழுதிப்போட்டா திருப்பி அனுப்பியிருப்பாங்கள். வழக்கு முடிஞ்ச பிறகும் அந்த ஊர்ப் பேர் வந்தா நான் கதையை மாத்திப்போடுவன்."

"அதுக்கோ மலைக்கு வரமாட்டன் எண்டனீங்கள்?"

"ஓம். ஆராவது அடையாளம் கண்டுபிடிச்சாலும் எண்டு."

முப்பது வருடத்துக்கு மேல். தொப்பியை இழுத்துவிட்டது வெயிலுக்கு அல்ல. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு சிரிக்க முடியவில்லை. இத்தனை நாவல் படித்த நான், பக்கத்துத் தலையணையில் இருந்ததைக் கவனிக்கவில்லை. கொலெத் சொன்னது மறுபடி நினைவுக்கு வந்தது: ஊரில் எல்லோரையும் கணக்குப் பார்த்தார்கள். ஊரின் ஓரத்தில், ஒரு விடுதி நிறைய இருந்த பெடியளை மட்டும் பார்க்கவில்லை. கெட்ட எண்ணத்தில் அல்ல. 'எல்லோரும்' என்ற சொல்லுக்குள் அவர்கள் இருப்பது அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை

கொலெத்தின் தகப்பன் உயிரோடு இருந்தார். பக்கத்து ஊர் முதியோர் இல்லத்தில். அந்த ஞாயிறே கொலெத் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார்.

போகும் முன் இவர் இரண்டு தரம் சட்டை மாற்றினார். "என்னப்பா கதைக்கிறது அவரோட?" என்று என்னைக் கேட்டார். "அண்டைக்குக் கதைச்சதைத்தான்," என்றேன்.

பெரியவர் சாப்பாட்டு மண்டபத்தில், ஜன்னலோரம், நேராக இருந்தார். பெரிய கைகள். மேசையில் அவரோடு இன்னும் இரண்டு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்; மூவரும் அந்த மலைக் கிராமத்தவர். வடித்த கோப்பியின் வாசனை மண்டபம் முழுக்க இருந்தது. கொலெத் முழங்காலிட்டு, தகப்பனின் காதுக்குப் பக்கத்தில், எல்லாவற்றையும் சொன்னார். அவர் சீட்டுகளைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடிந்ததும் இவரைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"கதவு பூட்டியிருந்ததா?"

"நன்றாகப் பூட்டியிருந்தது, மெஸ்யூ," என்றார் இவர். "நான் பலமுறை இழுத்துப் பார்த்தேன்."

பெரியவர் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தார். மற்ற இரண்டு கிழவர்களின் பக்கம் திரும்பினார்.

"கேட்டீர்களா?" என்றார்.

கேட்டார்கள். ஒருவர் தலை குனிந்து தன் சீட்டுகளைப் பார்த்தார். மற்றவர், "கேட்டோம், அல்பேர்," என்றார். பெரியவர் அதை வாங்கிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கொலெத் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பிறகு பெரியவருக்குக் கதை முழுவதும் வேண்டியிருந்தது. மேல்மாடத்து எந்த வாங்கு, குழாய் சூடாக இருந்ததா, கயிற்றை ஒரு கையால் பிடித்தாரா இரண்டு கையாலா. "மலையில் நின்று கேட்டேன்," என்றார். "யாரோ, அடிக்கவே தெரியாதவன் அடிக்கிறான் என்று நினைத்தேன்." இவர், "உண்மைதான், எனக்குத் தெரியாது," என்றார். கிழவர்கள் மூவரும் சிரித்தார்கள். எங்களுக்கும் கோப்பி வந்தது.

நாங்கள் புறப்பட எழும்பியபோது பெரியவர் மேசையைப் பிடித்துக்கொண்டு தானும் எழும்பினார். கொலெத் தடுத்தார், அவர் கேட்கவில்லை. நின்றுகொண்டு என் கணவரின் கையைப் பிடித்தார்.

"உங்களை உள்ளே வைத்துப் பூட்டியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள்," என்றார்.

இவர் பதறிப்போனார். "ஐயோ, அது ஒன்றுமில்லை, மெஸ்யூ. நான் அங்கே இருந்தது உங்களுக்குத் தெரியாதே."

பெரியவர் கையை விடவில்லை.

"அதற்கும்தான் மன்னிப்புக் கேட்கிறேன்," என்றார்.